மோசஸ் அண்ணாவின் வெறுங்கால்

மோசஸ் அண்ணாவை நான் முதன்முதலில் பார்த்தது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், எங்கள் கம்பெனி யார்டில். வேலையில் சேர்ந்த முதல் வாரம் அது. போர்வெல் போடுகிற வண்டியின் நிழலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். அவர் கையெழுத்துப் போட வேண்டிய பக்கங்கள் என்னிடம் இருந்தன. பேனாவை நீட்டினேன், வாங்கவில்லை.

"மை டப்பா இல்லியா தம்பி?" என்று கேட்டார்.

கைநாட்டு ஆள் என்று நினைத்துக்கொண்டேன். என் அப்பாவும் கைநாட்டுதான், அதனால் எனக்கு அது புதிதில்லை. ஆபீசுக்குள் போய் மை டப்பாவை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்து, என் அப்பாவுக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு பக்கத்திலும் என்ன எழுதியிருக்கிறது என்று நிதானமாகச் சொன்னேன். அவர் கடலையைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டார். பக்கத்தில் துளை போடுகிற ராடுகளுக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்த ஸ்டீபன் நிமிர்ந்து பார்த்தான்.

"கிராஜுவேட்டு, அவரு பத்தாவது பாசு. தினம் பேப்பர அவர் படிச்சி சொல்லித்தான் நாங்க கேட்டுக்கினு இருக்கோம்" என்றான்.

மோசஸ் அண்ணா சிரித்தார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. படித்தவர் ஏன் கைநாட்டு வைக்கிறார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. அவர் விரலைக் காகிதத்தில் அழுத்திய அழுத்தில் மை ஒரே திட்டாகப் பரவியது, ரேகையே விழவில்லை. இன்னொரு தாளிலும் அப்படியே. கடைசியில் ஸ்டீபன் எழுந்து வந்து, அவர் கட்டைவிரலைப் பிடித்து மெதுவாக ஒற்றி எடுத்தான். பழகிய காரியம்போல இருந்தது.

என்னைப் பற்றி இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். ஊத்துக்கோட்டையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில் வேலை செய்தவர்கள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான், பி.இ. மைனிங். முதல் தலைமுறைப் பட்டதாரி என்று தாசில்தார் ஆபீசில் கொடுத்த சான்றிதழை லேமினேட் செய்து வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். என் படிப்புக்கும் இந்த மாவட்டத்துக்கும் சம்பந்தம் கிடையாது. இங்கே சுரங்கம் ஏது? ஆனால் எங்கள் முதலாளி திருமலைக்கு அப்போது அந்தப் படிப்பு தேவைப்பட்டது.

அதுவரை அவர் கம்பெனி போட்டதெல்லாம் தண்ணீர் போர்தான். ஃபேக்டரிகளுக்கும், புதுசாக வீடு கட்டுகிறவர்களுக்கும். கடல் பக்கம் உப்புத் தண்ணீர் ஏற ஏற அந்த வேலை குறைந்தது. தெலங்கானாவில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் இரண்டு துளை போடும் வேலை வந்ததும் ஒப்புக்கொண்டார். கரி எடுப்பதற்கான துளைகள் இல்லை. தரையிலிருந்து நேராகக் கீழே போய், ஆட்கள் வேலை செய்கிற சுரங்கப்பாதையின் கூரையைத் துளைத்து இறங்க வேண்டும். ஒன்றில் கரண்ட் கேபிள் கீழே போகும். இன்னொன்றின் வழியாக, கீழே தேங்குகிற தண்ணீரை மேலே இறைப்பார்கள்.

கேட்பதற்குச் சின்ன வேலை. ஆனால் பக்கத்திலேயே எப்போதோ வெட்டிக் கைவிட்ட பழைய பாதைகள் இருக்கும். அவற்றில் தண்ணீர் நிரம்பியிருக்கும், வாயு அடைந்திருக்கும். துளை கொஞ்சம் சாய்ந்து அங்கே போனால் கீழே இருக்கிறவர்கள் கதி அவ்வளவுதான். அதனால் சுரங்கப் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் மண்ணில் கைவைக்க முடியாது. வரைபடம், குறுக்குவெட்டு, வண்டியின் விவரம், வாயு பார்க்கிற ஏற்பாடு, வேலை செய்யப்போகிறவர்களின் பெயர், அவர்களின் மருத்துவச் சான்று எல்லாம் போக வேண்டும். சுரங்க நிர்வாகம்தான் விண்ணப்பிக்கும். எங்கள் பக்கத்துக் காகிதங்களைத் தயார் செய்கிற ஆள் நான்.

அதில் ஆபரேட்டர் என்ற இடத்தில் மோசஸ் அண்ணாவின் பெயர் இருந்தது. கூரையை நெருங்கும்போது கடைசிப் பகுதியை மிக மெதுவாகப் போட வேண்டும். பாறை மெலிவது முதலில் ராடில் தெரியும், அழுத்தம் காட்டுகிற கேஜில் பிறகுதான் தெரியும். லீவரைப் பிடித்திருக்கிறவன் அந்த அதிர்வைக் கையில் வாங்கி, வண்டியை அடக்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். வயசுக் காலத்தில் ஆந்திரா பக்கத்துக் கரிச் சுரங்கங்களில் ஓட்டியவர் எங்கள் யார்டில் அவர் ஒருவர்தான்.

மருத்துவப் பரிசோதனைக்குச் சுரங்கத்துக்கே போக வேண்டியிருந்தது. ரயிலில் மூன்று பேர் போனோம், அவர், ஸ்டீபன், நான். ஸ்டீபன் அவர் மனைவியின் தம்பி. நெல்லூர் தாண்டி டீ வந்தது. மோசஸ் அண்ணா பேப்பர் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி ஆடியதில் டீ தளும்பி அவர் விரல்கள்மேல் வழிந்தது. ஆவி பறக்கிற டீ. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்டீபன் கப்பை வாங்கி வைத்துவிட்டுத் துண்டால் விரல்களைத் துடைத்தான்.

"சூடு மாமா" என்றான், ஸ்டேஷன் பேர் சொல்வதுபோல.

நான் பார்த்துவிட்டது அவருக்குத் தெரிந்தது. மறைக்கவில்லை. இரண்டு கையிலும் மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் தெரியாது என்றார். முதலில் குளிர் காலத்தில் விரல் நுனி வெளுத்துப்போகுமாம். அப்புறம் ஊசி குத்துகிற மாதிரி. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. பேனா பிடித்தால் நழுவுகிறது தெரியாது, சட்டைப் பொத்தான் போட முடியாது. போர் வண்டி ஆட்டின ஆட்டம்தான், வேறு என்ன என்றார். பலம் மட்டும் அப்படியே இருந்தது. அதைக் காட்டுவதற்கு என் மணிக்கட்டைப் பிடித்தார், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அப்ப எப்படிண்ணா லீவர் புடிக்கிறீங்க?"

"புடிக்கிறது கை. கேக்கறது கால்" என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தை ரயில் பெட்டியின் தரையில் வைத்துக் காட்டினார். போர் வண்டி ஓட்டும்போது லீவருக்கு முன்னால் இருக்கிற இரும்பு மேடையில் வெறுங்காலோடுதான் நிற்பாராம். ராடின் அதிர்வு மேடைக்கு வரும், மேடையிலிருந்து காலுக்கு வரும். கை போன பிறகு எத்தனையோ போர் அப்படித்தான் போட்டிருக்கிறார்.

கீழே ஆட்கள் இருப்பார்களே என்ற நினைப்பு எனக்கு. அது அவருக்குப் புரிந்தது.

"பேரை எடுத்துடப் போறியா?" என்று கேட்டார்.

நீங்கள் போர் போடுவதை நான் ஒரு தடவை பார்க்க வேண்டும், பார்த்த பிறகுதான் ஃபைல் போகும் என்றேன்.

"பாரு. நல்லா பாரு. லீவர உட்டா நான் இன்னா பண்ணுவேன் நைனா. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது." கெஞ்சலாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரி சொன்னார்.

சுரங்க ஆஸ்பத்திரியில் கண், காது, நெஞ்சுப் படம், சர்க்கரை எல்லாம் பார்த்தார்கள். சர்க்கரை இல்லை. டாக்டர் தன் கையைக் கொடுத்து இறுக்கச் சொன்னார், இறுக்கினார். விரல் மரத்துப்போகுமா என்று டாக்டர் கேட்டாராம், இவர் இல்லீங்க என்றாராம். வெளியே வந்து இதை எங்களிடம் சொல்லிவிட்டு, கேன்டீன் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

ஊர் திரும்பியதும் வேப்பம்பட்டில் ஒரு வீட்டு மனையில் போர் போட்டார்கள். போனேன். சுற்றிலும் புது வீடுகள், சென்னைக்கு ரயிலில் வேலைக்குப் போய்வருகிறவர்களுடையவை. மனைக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மோசஸ் அண்ணா வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பை லாரிக்கு அடியில் விட்டுவிட்டு மேடையில் ஏறினார். லீவரில் கை இருந்தது, கண் எங்கேயோ இருந்தது. வலது காலின் விரல்களை மட்டும் விரித்து இரும்புத் தகட்டில் பதித்திருந்தார்.

திடீரென்று லீவரைத் தளர்த்தி, "மாறுது" என்றார். வெளியே வந்துகொண்டிருந்த தூள் அப்போதும் வெள்ளையாகத்தான் இருந்தது. ஸ்டீபன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். கொஞ்ச நேரத்தில் தூள் பழுப்பாக மாறியது. இன்னும் இரண்டு தடவை அப்படிச் சொன்னார், இரண்டும் சரியாக இருந்தது. எனக்கு அது போதும் என்று பட்டது.

இறங்கி வந்தபோது அவர் இடது பெருவிரலில் நகம் பெயர்ந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. சொன்னேன். குனிந்து பார்த்து, "எப்ப பட்டுச்சின்னு தெரியல" என்றார். வேலை மும்முரத்தில் தெரிந்திருக்காது என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

அன்று மதியம் கவரைப்பேட்டையில் அவர் வீட்டில்தான் சாப்பாடு. அவர் மனைவி விக்டோரியா அக்கா சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறவர், அன்று வார லீவு. பழவேற்காட்டு மீன் குழம்பு. அவர் தட்டில் இருந்த மீனை அக்கா எடுத்து, முள்ளை ஒவ்வொன்றாகப் பிய்த்து ஓரமாக வைத்துவிட்டு, சதையை மட்டும் சோற்றில் தள்ளினார். விரலுக்கு முள் தெரியாததால் இரண்டு முறை தொண்டையில் மாட்டியிருக்கிறதாம்.

"எம் பையனுக்குக்கூட இத்தினி வயசு வரைக்கும் முள்ளு எடுத்துப் போட்டதில்ல" என்றார் அக்கா. "இந்த ஆளுக்குச் சூடும் தெரியாது, சொரணையும் தெரியாது. வேலைய உட்டுட்டு உக்காருன்னா மூஞ்ச தூக்கி வெச்சிக்கிது."

"உக்காந்துகினு இன்னாத்த பண்றது?"

"ஊட்டு வேலைய பண்ணு."

"கை வராதே" என்றார் அவர். அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை, சோற்றைப் பிசைந்தார்.

ஃபைலை அனுப்பினேன். அதன் பிறகு காத்திருப்புதான். பழைய பாதைகளில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று விளக்கம் கேட்டு வந்தது. சுரங்கத்து சர்வேயரோடு பேசிப் பதில் எழுதினேன். துளை போட்ட பிறகு அதன் வாயை எப்படி அடைப்பீர்கள், மேலே வாயு வந்தால் இன்ஜினை யார் நிறுத்துவது என்று அடுத்த கேள்வி. அதற்கும் எழுதினேன். கேள்விகள் நியாயமானவை. நான் படித்த படிப்பு அந்தப் பதில்களில்தான் முதன்முதலாக உபயோகப்பட்டது, அதில் எனக்குச் சந்தோஷம் இருந்தது.

யார்டில் வேலை இல்லை. மழைக்காலம் வந்தது, ராடுகள் துருப்பிடித்தன. மோசஸ் அண்ணா தினமும் வந்து வண்டியைத் துடைத்துவிட்டுப் போவார். முதலில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வந்துவிட்டதா என்று கேட்பார். பிறகு புருவத்தை மட்டும் உயர்த்துவார். பிறகு அதுவும் இல்லை. நான் கடந்துபோனால் துடைத்துக்கொண்டே இருப்பார். திருமலை சார் ஒரு நாள், வேறு ஆபரேட்டர் யாரையாவது போட்டிருந்தால் சீக்கிரம் வந்திருக்குமோ என்று சும்மா சொன்னார். பெயரை மாற்றினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும் என்றேன். மோசஸ் அண்ணா அங்கேதான் நின்றிருந்தார். கேட்ட மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

பொங்கல் கழிந்து அனுமதி வந்தது. திருமலை சார் எல்லாருக்கும் பிரியாணி வாங்கிவரச் சொன்னார். யார்டில் வைத்து, அனுமதியில் இருந்த நிபந்தனைகளைத் தமிழில் சொல்லச் சொன்னார், வேலை செய்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று. சொன்னேன். கடைசிப் பகுதியைப் போடும்போது கீழே அந்தப் பாதையில் ஆட்கள் இருக்கக் கூடாது. வாயு பார்க்கிற அதிகாரி கூடவே நிற்க வேண்டும். பீடி, தீப்பெட்டி உள்ளே வரக் கூடாது. இந்த இடத்தில் எல்லாரும் ஸ்டீபனைப் பார்த்துச் சிரித்தார்கள். வேலை நடக்கிற இடத்தில் தலைக்கவசமும் பாதுகாப்பு பூட்ஸும் இல்லாமல் யாரும் நிற்கக் கூடாது.

அதுவும் எல்லா இடத்திலும் இருக்கிற நிபந்தனைதான். நாங்கள் அனுப்பிய காகிதத்திலேயே நான் எழுதியிருந்தேன், எழுதும்போது அவர் கால் என் நினைவுக்கு வரவில்லை. வாயால் சொல்லும்போதுதான் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்க முடியாமல் கையில் வைத்திருந்தார்.

"பூட்ஸ கழட்டவே கூடாதா தம்பி?"

"கூடாதுண்ணா."

"செரி" என்றார். ஸ்டீபன் பொட்டலத்தை வாங்கி நூலை அவிழ்த்துக் கொடுத்தான்.

பிறகு நாங்கள் மூவரும் தனியாக உட்கார்ந்து பேசினோம். பூட்ஸ் போட்டுக்கொண்டே ஓட்டிப் பார்க்கிறேன், தெரிந்தாலும் தெரியும் என்றார். தெரியாவிட்டால் கடைசிப் பகுதிக்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும் என்றேன். அனுமதியில் மாற்று ஆளாக ஸ்டீபனின் பெயரும் இருந்தது. சொல்கிறேன் என்று தலையாட்டினார்.

சுரங்கத்துக்கு மேலே தரையில் வண்டியை நிறுத்தி, தேங்காய் உடைத்து, எங்கள் ஆட்கள் ஜெபமும் செய்து வேலையைத் தொடங்கினோம். மேல் பகுதியில் ஒன்றும் சிக்கல் இல்லை. அதற்கு அதிர்வு கேட்க வேண்டிய அவசியம் இல்லை, கேஜே போதும். மோசஸ் அண்ணா இரும்பு முனை வைத்த கறுப்பு பூட்ஸோடு மேடையில் நின்றார். காலையில் ஸ்டீபன்தான் லேஸ் கட்டிவிடுவான். சாயங்காலம் கழற்றும்போது பாதம் வெளுத்துச் சுருங்கியிருக்கும்.

கடைசிப் பகுதிக்கு வந்த அன்று கீழே ஆட்களை விலக்கிவிட்டதாகப் போன் வந்தது. சுரங்கத்து அதிகாரி, இளைஞர், தெலுங்குக்காரர், வாயு மீட்டரோடு நின்றிருந்தார். ஒரு ராடு போனதும் மோசஸ் அண்ணா துளை போடுவதை நிறுத்தினார், பூட்ஸ் வழியாக அதிர்வு தெரியவில்லை போல. அதிகாரியிடம் கால் வலிக்கிறது, கொஞ்சம் இருங்கள் என்று சைகையில் சொன்னார். அதிகாரிக்கு அப்போது இன்னொரு போன் வந்தது, திரும்பி நின்று பேசப் போய்விட்டார்.

ஸ்டீபன் மேடைக்குப் பக்கத்தில் போனான். "யாரும் பாக்கல மாமா. ஒரு கால மட்டும் கழட்டு. சட்டுனு துளைய போட்டுட்டு மாட்டிக்கலாம்."

நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மேடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். ஸ்டீபன் வலது பூட்ஸின் லேஸை அவிழ்த்து இழுத்தான். சாக்ஸையும் உருவினான். அவர் எழுந்து வெறுங்காலை இரும்புத் தகட்டில் வைத்தார். இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, மேடை அதிர்ந்துகொண்டுதான் இருந்தது. வேப்பம்பட்டில் செய்ததுபோல விரல்களை விரித்தார். அப்படியே நின்றார். காலை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். குதிகாலை வைத்தார். மறுபடியும் விரல்களை.

பிறகு உட்கார்ந்து காலை நீட்டினார்.

"மாட்டுடா" என்றார்.

"இன்னா மாமா?"

"காலும் வரல."

ஸ்டீபன் புரியாமல் நின்றான். அவரே சாக்ஸை இழுத்துப் பார்த்தார், விரலில் பிடிபடவில்லை. நான் குனிந்து மாட்டிவிட்டேன். பாதம் சில்லென்று இருந்தது. பூட்ஸை நுழைத்து லேஸ் கட்டினேன். வேப்பம்பட்டிலேயே இடது கால் போயிருக்கிறது, ரத்தம் வந்தது தெரியவில்லையே என்று அவரே கணக்குச் சொன்னார். வலதும் எப்போது போனதென்று தெரியவில்லை. பூட்ஸ் போட்டிருந்ததால் இத்தனை நாள் வெறுங்காலை மேடையில் வைத்துப் பார்க்கவும் இல்லை.

"எப்பலேர்ந்துண்ணா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"தெரிஞ்சாத்தான சொல்றதுக்கு."

அதிகாரி போனை வைத்துவிட்டு வந்தார். மோசஸ் அண்ணா இறங்கி அவர் முன்னால் நின்று, தனக்குத் தெரிந்த தெலுங்கில், என் கையும் காலும் வேலை செய்யவில்லை, இவன் ஓட்டுவான் என்று ஸ்டீபனைக் காட்டினார். அதிகாரி என்னைப் பார்த்தார். உண்மைதான் என்றேன், மாற்று ஆபரேட்டர் பெயர் அனுமதியில் இருப்பதையும் சொன்னேன். மேலிடத்தில் கேட்டுவிட்டுத்தான் தொடங்க முடியும் என்று அன்று வேலையை நிறுத்தினார்.

அடுத்த நாள் ஸ்டீபன் ஓட்டினான். மோசஸ் அண்ணாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தேன், அதனால் நாங்கள் இருவரும் அதைப் பார்க்கவில்லை. டாக்டர் ஊசி முனையால் கையிலும் காலிலும் தொட்டுத் தொட்டுக் கேட்டார். அவர் கண்ணை மூடிக்கொண்டு, இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். முழங்காலுக்குக் கீழே ஓர் இடத்தில் வந்ததும் "இருக்கு" என்றார். வருஷக்கணக்காக வண்டி ஆட்டியதில் நரம்பு போயிருக்கிறது, திரும்பி வராது என்றார் டாக்டர். மறைத்ததற்குக் கோபிப்பார் என்று நினைத்தேன், கோபிக்கவில்லை. தகுதியில்லை என்று எழுதினார். கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. மோசஸ் அண்ணா கட்டைவிரலை நீட்டினார், நான் பிடித்து ஒற்றினேன்.

வெளியே வரும்போது ஸ்டீபன் போன் செய்தான். துளை கூரையில் சரியாக இறங்கிவிட்டது, வாயு இல்லை, தண்ணீர் இல்லை என்றான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"லீவர தளத்துனியா?" என்று மட்டும் கேட்டார் மோசஸ் அண்ணா.

"தளத்துனேன் மாமா."

"செரி. துண்ணுட்டு படு" என்றார்.

ஊர் திரும்புகிற ரயிலில் டீ வந்தது. ஆறட்டும் என்று அவரே சொல்லி, ஜன்னல் ஓரத்தில் வைக்கச் சொன்னார்.

இரண்டாவது துளைக்கும் ஸ்டீபன்தான் ஆபரேட்டர். இப்போது இன்னொரு சுரங்கத்துக்கு விண்ணப்பம் போயிருக்கிறது, அதில் முதல் பெயரே அவனுடையது. ஆட்களின் கையையும் காலையும் ஊசியால் தொட்டுப் பார்த்த பிறகுதான் நான் பெயர் சேர்க்கிறேன். யார்டில் அதற்கு என்னைக் கேலி செய்கிறார்கள்.

மோசஸ் அண்ணா கும்மிடிப்பூண்டி யார்டில் கேட்டில் இருக்கிறார். காலையில் விக்டோரியா அக்கா அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறார். யார்டிலும் இப்போது பூட்ஸ் கட்டாயம், அவரும் போட்டிருக்கிறார். வண்டி வந்தால் கேட்டைத் திறக்கிறார், போனதும் மூடுகிறார்.